சிவப்பு மையில் ஒரு வரி

தருமபுரி
ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. நான்கு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் வகுப்பெடுக்கும் தொலைநிலைப் படிப்பு மையத்தில் மாணவர்கள் எழுதித் தரும் ஒப்படைப்புகள் வந்து குவிந்த வாரம் இது. நாற்பத்திரண்டு பேர் எழுதியதைத் திருத்தி முடித்துவிட்டு இப்போதுதான் உட்காருகிறேன். பேரனுக்குப் பல் முளைத்திருப்பதையும், அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடைசிப் பத்தியில், யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல இரண்டே வரியில் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "பி.ஏ. வரலாறு சேரலாமா என்று யோசிக்கிறேன். இந்த வயதில் வீட்டிலிருந்தே படிப்பதெல்லாம் ஒரு படிப்பாகுமா?"

ஆகும், கமலா. எப்போது ஆகும், எப்போது ஆகாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1984இல் நாம் இருவரும் பிளஸ் டூ முடித்தோம். தை மாதம் உனக்குத் திருமணம், அடுத்த வைகாசியில் எனக்கு. அதற்குப் பிறகு நான் படித்த பட்டங்களில் பி.எட். ஒன்றுதான் கல்லூரிக்குப் போய்ப் படித்தது. பி.ஏ.வும் எம்.ஏ.வும் அஞ்சல் வழியில்தான். பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஞாயிறுதோறும் இந்த மையத்தில் வகுப்பெடுக்கிறேன். ஆக, இந்தப் படிப்பின் இரண்டு கரையிலும் நின்று பார்த்திருக்கிறேன்.

பி.ஏ. முதல் ஆண்டு எப்படி இருந்தது என்று உனக்கு அப்போது எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. பழுப்புத்தாள் சுற்றிச் சணல் கட்டிய பாடப்புத்தகப் பொட்டலம் ஆடி மாதம் வரவேண்டியது, கார்த்திகையில் வந்தது. வேறு ஊரில் ஒரு மண்டபத்தில் பத்து நாள் தொடர்பு வகுப்பு நடந்தது. முந்நூறு பேர் உட்கார்ந்திருப்போம், ஆசிரியர் ஒலிபெருக்கியில் குறிப்பு சொல்வார், நாங்கள் எழுதுவோம். விடைத்தாள்கள் நான்கு அனுப்பினேன். இரண்டு திரும்பவே இல்லை. மற்ற இரண்டும் ஒரு சரி அடையாளமும் ஓர் எண்ணுமாக வந்தன. தெருவில் எல்லோரும் "கரஸ்தானே", அதாவது வெறும் அஞ்சல்வழிப் படிப்புதானே என்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

இரண்டாம் ஆண்டில் ஒரு விடைத்தாள் வேறு மாதிரி வந்தது. 1806 வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் என்ன என்பது கேள்வி. சிப்பாய்கள் மேல் திணித்த புதிய தலைப்பாகைதான் காரணம் என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தேன். கீழே சிவப்பு மையில், சற்றே சாய்ந்த எழுத்தில் இப்படி இருந்தது: "தலைப்பாகை ஒன்றுக்காகவா இத்தனை பேர் உயிரைக் கொடுத்திருப்பார்கள்? அந்தக் கோட்டைக்குள் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள்." பதினான்கு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் மாவட்ட நூலகத்தில் தேடினேன். திப்புவின் பிள்ளைகளை வெள்ளையர் அந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொண்டபோது, மேஜை முன்னால் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். அந்த ஆசிரியர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தாள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்த இடத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். பத்து நாள் மண்டபத்தில் நடக்காதது அந்த இரண்டு வரியில் நடந்தது.

உன் கேள்விக்கு என் பதில் அதுதான். தூரம் ஒரு பொருட்டே இல்லை. நீ எழுதினால் யாராவது படித்துப் பதில் எழுதுகிறார்களா என்பதை மட்டும் பார்.

இந்தக் கல்வி தொடங்கியதே பதிலில்தான். இங்கிலாந்தில் 1840இல் பென்னி தபால் வந்தது. ஒரே சிறிய கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று ஆனதும், ஐசக் பிட்மன் தபால் வழியாகச் சுருக்கெழுத்து கற்பிக்க ஆரம்பித்தார். மாணவர்கள் பைபிள் வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள், அவர் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அது புத்தக விற்பனையோடு நின்றிருக்கும்.

1969இல் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவினார்கள். முன்தகுதி எதுவும் கேட்காமல் 1971இல் மாணவர்களைச் சேர்த்தார்கள். பி.பி.சி. தொலைக்காட்சியில் பாடம் நடத்தியதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். அந்த ஒளிபரப்பு 2006இல் நின்றுபோனது, பல்கலைக்கழகம் நிற்கவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றாசிரியர், அவர் கையால் திருத்தி விளக்கம் எழுதும் ஒப்படைப்பு என்று முதலிலேயே வகுத்துக்கொண்டதுதான் அதன் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. நம் மாநிலத்துக்கென்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. தமிழ்வழியில் படிக்க ஆசைப்படும் உனக்கு இது தோதாக இருக்கும்.

மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் இதை அழகாக விளக்கியிருக்கிறார். கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் நடுவில் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது, இருவருக்கும் இடையில் உரையாடல் எவ்வளவு நடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்கிறார். அந்த மண்டபத்தில் ஆசிரியருக்கும் எனக்கும் முப்பதடி தூரம்கூட இல்லை. அந்தச் சிவப்பு மைக்காரர் எந்த ஊரில் இருந்தாரோ, அவர் என் பக்கத்தில் இருந்தார்.

இப்போது மறுகரையிலிருந்து ஒன்று சொல்கிறேன். போன ஆண்டு ஒரு மாணவி சேர்ந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமம், ஓசூரில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வெள்ளையர் ஆட்சியில் உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறை பற்றிய ஒப்படைப்பை கைடிலிருந்து ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருந்தாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருக்கலாம். ஆனால் என் பழைய விடைத்தாள் நினைவுக்கு வந்தது. ஓரத்தில் எழுதினேன்: "உங்கள் வீட்டு நிலத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? உங்கள் ஊர் அந்தக் காலத்தில் பாராமகால் சீமையைச் சேர்ந்தது. அங்கே 1792க்குப் பிறகு நிலத்தை அளந்தவர்கள் யார்?" அடுத்த மாதம் ஞாயிறு வகுப்புக்கு வந்தவள், தாத்தாவின் பட்டாவை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவப்பு. நிலத்தை அளந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பெயரையும் தேடிப் பிடித்திருந்தாள். "இந்த ரீடும் மன்றோவும் எங்கள் ஊர்ப்பக்கமா நடந்தார்கள், டீச்சர்?" என்று கேட்டாள். மேஜையில் பட்டாவை விரித்து, சர்வே எண் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் எழுதிய எதிலும் கைடு இல்லை. எழுத்துப்பிழை நிறைய இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் கிடைக்குமா என்று நீ பயப்படுவாய். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம் ஆகிறது. நாளைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு மாதம். புத்தகம் படிப்பது, ஒப்படைப்பு எழுதுவது, வகுப்புக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். ஒப்படைப்புக்குப் பொதுவாக 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டிக்கொள்ளவும் வழியிருக்கிறது. நீ அதிகாலையில் எழுந்து வாசல் தெளிக்கிறவள். பேரன் எழுவதற்கு முன்னால் அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடு. மறைத்துப் படித்தவர்கள் பாதியில் விட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் இடையில் சின்னச் சின்னக் கேள்விகள் கொடுத்து, விடை எழுத இடம் விட்டிருப்பார்கள். யாரும் எழுதுவதில்லை, தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து நீ தாண்டாதே. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத குறைக்காக வைத்த கேள்விகள் அவை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் படித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வுக்கு முதல் நாள் இரவு விழுந்து விழுந்து படித்துவிட்டு மறுநாள் தாள் முன்னால் விழிக்கும் பிள்ளைகளை பல ஆண்டாகப் பார்க்கிற எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

வீடியோ பாடம் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல வீடியோக்கள் இருக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பணம் கொடுக்காமலே பார்க்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் ஒருவர் பேசுவதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை மூடினால் படித்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. அதைத்தான் நான் அஞ்சுகிறேன். பார்த்து முடித்ததும் நான்கு வரி கையால் எழுது. வகுப்பில் ஒருத்தியைத் தோழியாக்கிக்கொண்டு, எழுதியதை அவளுக்கு அனுப்பு, அவள் எழுதியதை நீ படி.

சேரும் முன் ஒன்றைக் கண்டிப்பாகப் பார்த்துவிடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்புக்கு எந்த ஆண்டு அனுமதி என்று இணையத்தில் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் நீ சேரும் பருவமும் நீ கேட்கும் படிப்பும் இருக்கிறதா என்று மகனை விட்டுப் பார்க்கச் சொல். அனுமதியோடு பெறும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் அறிவித்துவிட்டது. "ஒரே ஆண்டில் பட்டம்" என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளின் படி ஏறாதே. அங்கே பணம் கட்டி ஏமாந்து, அழுதுகொண்டே எங்கள் மையத்துக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

தாமதங்கள் வரும், கமலா. நான் எழுதிய கடைசி ஆண்டுத் தேர்வு ஒன்றில் "வரவில்லை" என்று போட்டு மதிப்பெண் பட்டியல் அனுப்பினார்கள். மூன்று பதிவுத் தபால் அனுப்பி, பதினொரு மாதம் காத்திருந்துதான் சரியானது. அதனால்தான் சொல்கிறேன்: கட்டிய ரசீது, ஒப்படைப்பு கொடுத்த ஒப்புகை, ஹால் டிக்கெட், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பட்டம் வாங்கும்வரை வைத்திரு.

சேர்ந்த முதல் மாதத்திலேயே முதல் ஒப்படைப்பை எழுதிவிடு. என்னிடம் வருகிறவர்களில் முதல் ஒப்படைப்பைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கடைசிவரை வந்துவிடுகிறார்கள். எழுதியதை மையத்தில் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப் வேண்டாம், தபாலில் அனுப்பு. ஓரத்தில் நன்றாக இடம் விட்டு எழுது. மேஜையில் சிவப்புப் பேனா இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அத்தையை விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

உன்
சரோஜா