கள் தீர்மானத்துக்கு முன் நீராவுக்குக் குளிரறை

ஐயா,

கள் இறக்க அனுமதி கேட்கும் டெல்டா தென்னை விவசாயிகளைப் பற்றிய செய்தி படித்தேன். 1987 முதல் உள்ள தடையை நீக்குவது மாநில அரசின் கையில். அதற்காக நகர்மன்றத்தில் மேசையைத் தட்டித் தீர்மானம் போட்டுப் பயனில்லை. தென்னம்பாளையில் வடியும் புளிக்காத இனிப்புச் சாறான நீரா, அனுமதி பெற்றும் குளிர்வசதியின்றி முடங்குகிறது. பாளையில் வடியும்போதே ஈஸ்ட் சேர்ந்துவிடும். வெயிலில் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளிக்கும், கழுவாத கலயமென்றால் இன்னும் சீக்கிரம். சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தள்ளிப்போகும், சுவையோ பதநீராகிவிடும். பனிக்கட்டிப் பெட்டியைப் பாளையில் பொருத்திச் சேகரிப்பதே சரி. ஆனால், பெட்டியிலிருந்து எடுத்துக் குளிரூட்டாமல் அனுப்பும் நீரா, பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் சேர்வதற்குள் புட்டி மூடியைத் தள்ளுகிறது.

பட்டுக்கோட்டை நகராட்சி, குளிரறையுடன் ஒரு கடையைத் தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கலாம்.

- தென்னை விவசாயி, பேராவூரணி