சிறு ஒப்பந்தங்களின் கணக்கையும் மக்கள் முன் வையுங்கள்: தேசிய பெறுகை ஆணைக்குழுவுக்கு ஒரு கோரிக்கை மனு

யாழ்ப்பாண மாவட்டம்,
ஆகஸ்ட் 2025

தலைவர்,
தேசிய பெறுகை ஆணைக்குழு,
கொழும்பு.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

உள்ளூர் மட்டத்தில் நடைபெறும் சிறு பெறுகைகளின் (அரச கொள்வனவுகள், ஒப்பந்த வேலைகளின்) விபரங்களைப் பகிரங்கப்படுத்துமாறு கோரல்

யாழ்ப்பாணத் தீவகத்தில் கோடை வந்தால் குடிநீர்ப் பவுசரை எதிர்பார்த்து வாழும் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் நாங்கள். கடற்றொழிலாளர், கமக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாதர் சங்கத்தினர் எனப் பலரும் கூடிப் பேசி இம்மனுவை எழுதுகிறோம். யாரையும் தண்டிக்கும்படி உங்களிடம் கேட்கவில்லை. அதற்கு இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது. தேவையானால் அங்கும் போவோம். எங்கள் பெயரில் செலவாகும் பணத்தின் கணக்கு, நாங்கள் கந்தோர் கந்தோராக அலையாமல், தானாகவே எங்கள் கண்ணில் படும்படி ஒழுங்கு செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் இலங்கையின் ஆளுகை பற்றி வெளியிட்ட அறிக்கை, ஒரு பில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்கள் அனைத்தையும், அவற்றைப் பெற்றவர்களின் விபரத்துடன் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். ஆனால் ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. எங்கள் ஊரில் நூறு கோடிக்கு என்ன வேலை நடந்திருக்கிறது? உள்ளக வீதிக்குக் கொங்கிறீற் போடுவது, குளம் தூர்வாருவது, பாடசாலைக்கு மலசலகூடம் கட்டுவது, இறங்குதுறையைத் திருத்துவது, நீர்த்தாங்கி வைப்பது எல்லாம் சில இலட்சங்களில், மிஞ்சினால் ஓரிரு கோடியில் முடிந்துவிடும். வலையின் கண்ணை அவ்வளவு பெரிதாகப் பின்னினால் எங்கள் கடலின் மீன் ஒன்றும் அதில் தங்காது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். பொது இடங்களில் வைப்பதற்கென்று எங்கள் பகுதிக்கு நீர்த்தாங்கிகள் வாங்கப்பட்டன. வாங்கிய அரச நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆவணங்களைத் தனி உறையில் இணைத்துள்ளோம். தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெற்ற பிரதிகளில் மூன்று விலைக்கோரல்கள் இருந்தன. மூன்று கடைகள், மூன்று தலைப்புத்தாள்கள், மூன்று றப்பர் முத்திரைகள். ஆனால் மூன்றிலும் பொருட்பட்டியல் 1, 2, 3, 5 என்று போகிறது. நான்காம் இலக்கத்தை மூன்று வியாபாரிகளும் சொல்லிவைத்தாற்போல் மறந்திருக்கிறார்கள்.

மூவரில் ஆகக் குறைந்த விலை கூறியவரே சந்தை விலையை விட அதிகம் கூறியிருந்தார். காரணம் கேட்டோம். தீவுப் பகுதி என்பதால் படகில் ஏற்றி இறக்கும் கூலி சேர்க்கப்பட்டுள்ளது என்று எழுத்தில் பதில் வந்தது. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் சாமான் கொண்டுபோவதென்றால் அந்தக் கூலி நியாயம்; அதை யாரும் மறுக்கமாட்டோம். நாங்கள் இருப்பதோ தாம்போதியால் பெருநிலத்துடன் இணைந்த தீவில். தாங்கிகளை ஏற்றிய லொறி யாழ்ப்பாண நகரத்திலிருந்து நேரே வாசிகசாலை முற்றத்தில் வந்து நின்றதை ஊரே பார்த்தது.

தாங்கி வைத்த சீமெந்துப் பீடங்களில் இரண்டு முதல் மாரியிலேயே ஒருபக்கம் சாய்ந்துவிட்டன. பழுது திருத்தும் பொறுப்புக் காலம் முடியும்வரை ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைப்பது வழக்கம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பீடம் சாய்ந்திருப்பதைக் கடிதம் எழுதி அறிவித்தபோது, பிடித்துவைத்த பணம் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்தது. பணத்தை விடுவிக்கும் திகதியை ஓர் அறிவித்தல் பலகையில் எழுதியிருந்தால் போதும். பீடத்தைத் திருத்தாமல் ஒருவரும் பணம் வாங்கிப் போயிருக்க முடியாது. தாங்கியின் கீழ் நின்று தண்ணீர் பிடிக்கும் பெண்களை விடச் சிறந்த மேற்பார்வையாளர்களை எந்தத் திணைக்களம் நியமிக்கப் போகிறது?

இதைக் கேட்க அப்போது பிரதேச சபையிலும் ஆளில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6 அன்றுதான் வாக்களிப்பு நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளரே சபை, செயலாளரே கேள்வி, செயலாளரே பதில். இப்போது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் சிலரே, விலைக்கோரல் கோவைகள் தங்கள் கைக்கு வருவதில்லை என்று எங்களிடம் முறையிடுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தக் கருத்திட்டமானாலும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அதைப் பற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்கிறது. எங்கள் ஊரில் வேலை தொடங்கும் செய்தியை, கல்லேற்றிய உழவு இயந்திரம் ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கும்போதுதான் அறிகிறோம். கேட்டால் வியாபார இரகசியம் என்ற பதில் தயாராக இருக்கிறது. பொதுநலன் பெரிதாக இருக்கும் இடத்தில் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது என்று அதே சட்டம் சொல்வதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பொதுப் பணத்தில் வாங்கிய பிளாஸ்ரிக் தாங்கியின் விலையில் என்ன இரகசியம்?

உங்கள் ஆணைக்குழுவின் வரலாற்றை அறிந்தே உங்களிடம் வருகிறோம். 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் அதை உருவாக்கியது, 2020 இல் 20 ஆவது திருத்தம் ஒழித்தது, 2022 இல் 21 ஆவது திருத்தம் மீட்டுத் தந்தது. ஆணைக்குழு இல்லாத அந்த இடைவெளியில்தான் சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகப் பரிசோதனையில் கண்டு சரக்கு நிராகரிக்கப்பட்ட பிறகும் 60 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. ஒரு மூட்டை பசளையும் கரையில் இறங்கவில்லை. பின்னர் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். அது நீதிமன்றத்தின் முன் இருப்பதால் அதைப் பற்றி மேலே பேசவில்லை. கொழும்பில் இவை பெரிய செய்திகளாயின. தீவகத்துத் தாங்கியைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப்போவதில்லை. அதனாலேயே எழுதப்பட்ட விதி எங்களுக்கு வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 1 முதல் உங்கள் புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பாராளுமன்றம் நிறைவேற்றிய தனியான பெறுகைச் சட்டம் இன்னும் வரவில்லை; வரைவு வேலைகள் நடப்பதாக அறிகிறோம். அந்தச் சட்டத்திலும், அது வரும்வரை உங்கள் சுற்றறிக்கைகளிலும் பின்வருவன இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெறுகைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதப்பட வேண்டும். என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, யார் யார் என்ன விலை கூறினர், யாருக்கு ஏன் கொடுக்கப்பட்டது, இடையில் வேலையும் தொகையும் மாறியிருந்தால் எதனால், இறுதிக் கொடுப்பனவு எவ்வளவு, பிடித்துவைத்த பணம் எப்போது விடுவிக்கப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டப்படட்டும், இணையத்திலும் ஏற்றப்படட்டும். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்வதால் தமிழிலும் இருக்கட்டும்; எங்களுக்குக் கிடைத்த பிரதிகளில் பாதி ஆங்கிலத்தில்தான் இருந்தன. இதனால் வேலைப்பளு கூடும் என்று அலுவலர்கள் சொல்லக்கூடும். இந்த விபரங்கள் எல்லாம் கோவையில் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. இல்லையென்றால் அந்தக் கோவையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும் இடத்துப் பெயர்ப்பலகையில் இன்று அரசியல்வாதிகளின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. தொகை, ஒப்பந்தகாரர், முடிவுத் திகதி, முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் ஆகியவையும் அதே அளவு எழுத்தில் வரவேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குப் போட்டியின்றி வேலை கொடுக்கும் ஏற்பாடு நல்ல நோக்கம் உடையது. நடப்பது வேறு. சங்கம் கையெழுத்து வைக்கும், வேலையை வெளியாள் ஒருவர் செய்வார், சங்கத்துக்குச் சிறு தொகை மிஞ்சும். கூலிப் பட்டியலையும் கொள்வனவுச் சிட்டைகளையும் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வாசித்த பின்பே இறுதிக் கொடுப்பனவு என்று ஒரு வரி சேர்த்தால் இது பெருமளவு நின்றுவிடும். அதுபோல, விலை கூறும் கம்பனிகளின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பிரகடனமும் கட்டாயமாகட்டும்.

நேர்மையான சிறு ஒப்பந்தகாரர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். 2022 நெருக்கடியின்போது செய்த வேலைக்குக் காசு கிடைக்காமல் நகையை அடைவு வைத்தவர்களை அறிவோம். விலை கோரும் செய்தியே தங்கள் காதுக்கு வருவதில்லை என்பது அவர்களின் மனக்குறை. இம்மனுவில் அவர்களில் சிலரும் ஒப்பமிட்டுள்ளனர்.

நடைமுறைக்குப் புறம்பான பெறுகைகளை விசாரிக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. இணைப்பிலுள்ள நீர்த்தாங்கி ஆவணங்களைப் பரிசீலித்து, உங்கள் முடிவைத் தமிழில் எழுத்து மூலம் எங்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நேரில் விளக்கம் தேவையெனில் கொழும்புக்கு வரத் தயாராக இருக்கிறோம். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் ஒரு நாள் அமர்வு வைத்தால் மற்றத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் தங்கள் ஆவணங்களுடன் வருவார்கள்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
தீவகக் கிராம மக்கள்
(ஒப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: விலைக்கோரல் பிரதிகள், தகவல் கோரிக்கையும் பதிலும், சாய்ந்த பீடங்களின் புகைப்படங்கள்

பிரதி: கணக்காய்வாளர் நாயகம், தகவலுக்கான உரிமை ஆணைக்குழு, வடக்கு மாகாணப் பிரதம செயலாளர், யாழ்ப்பாண மாவட்டச் செயலாளர்