கோடு போடும் முன் எங்கள் ஊருக்கு வாருங்கள்

மலேசியத் தேர்தல் ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைக் கோடுகளை நீங்கள் மறுபடி வரைவது பற்றி, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தாய்க்குப் பிறந்தவன் நான். தோட்டத்து லயத்தில் வளர்ந்து, இப்போது டவுனையொட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். என் மகள் சிலாங்கூர் மாநிலத்துப் பாங்கியில் வாக்காளர்.

2022 பொதுத்தேர்தலில் பாங்கியில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். எங்கள் தொகுதியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சரவாக்கின் இகானில் 30 ஆயிரத்துக்கும் குறைவு. மூன்றுக்கும் நாடாளுமன்றத்தில் ஆளுக்கொரு நாற்காலிதான்.

மகளின் ஓட்டைவிட என் ஓட்டுக்கு எடை அதிகம். அதில் எனக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை. தோட்டங்கள் கைமாறின, ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, பிள்ளைகள் வேலை தேடி சிலாங்கூருக்குப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர்களில்தான் தொகுதிகள் இப்படிப் பெருத்துக் கிடக்கின்றன. உட்புறத்து மக்களை எட்டுவது சிரமம் என்பதற்காகச் கிராமத் தொகுதியில் வாக்காளர் குறைவாக இருக்கலாம் என்று சட்டம் சலுகை தருகிறது; அது நியாயம்தான். ஆனால் அளவு வேண்டாமா? 1957 அரசியலமைப்பில் அளவு இருந்தது: ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 1962இல் அதைத் தளர்த்தினார்கள். 1973இல் எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டார்கள். வரம்பை மீட்பது நாடாளுமன்றத்தின் வேலை என்பது தெரியும். ஆனால் அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை 'ஏறத்தாழ சமம்' ஆக இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்கிறது. அதை மதித்துக் கோடு போடுவது உங்கள் கையில் இருக்கிறது.

அதே அட்டவணை உள்ளூர்ப் பிணைப்பைக் காக்கவும் சொல்கிறது. எங்கள் பக்கம் அதன் பொருள் இதுதான்: தோட்டத்தில் இருப்பவருக்குக் கிளினிக் டவுனில், பிள்ளைக்குப் பள்ளி டவுனில், மாரியம்மன் திருவிழாவுக்கு டவுனில் இருப்பவர்கள் திரும்பவும் தோட்டத்துக்கு. வரைபடத்தில் ஒரு சாலையைப் பார்த்து அதன்மேல் கோடு இழுத்தால், இவர்கள் இரண்டு பிரதிநிதிகளுக்குப் பங்காகிவிடுவார்கள். இருவருமே 'அது என் பகுதி இல்லை' என்று சொல்ல வழி பிறக்கும்.

தீபகற்ப மலேசியாவின் கடைசித் தொகுதி எல்லை மறுசீரமைப்பு 2018 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. எட்டு ஆண்டு இடைவெளி கடந்தால் அடுத்ததைத் தொடங்கலாம். அப்போது ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் தருவீர்கள். பாதிக்கப்பட்ட தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் பேரப்பிள்ளை பார்க்கும் பாட்டிமார்களும் அந்த ஒரு மாதத்தில் வரைபடத்தைக் கண்டு, புரிந்து, கூடிப் பேசிக் கையெழுத்திட வேண்டும். ஆகவே வரைபடத்தைத் தமிழ்ப்பள்ளியிலும் கோயில் மண்டபத்திலும் ஒட்டுங்கள். தெருப்பெயரும் தோட்டப்பெயரும் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கட்டும். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலேயே வையுங்கள். தமிழில் பேசுகிறவரின் வாக்குமூலத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆளையும் அமர்த்துங்கள்.

நாங்கள் நோட்டுப் புத்தகம் வாங்கிப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம். முதல் பெயர் என் அம்மாவுடையது.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாக்காளர் ஒருவர்