பீச் ரோட்டில் யாரும் இல்லை

அண்ணே,

ரஷ்யத் தத்துவவாதி டூகினின் புத்தக மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டேன். ஏழு அத்தியாயம் முடித்த நோட்டுகளையும் நீங்கள் கொடுத்த முன்பணத்தையும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். காரணத்தை நேரில் சொல்லியிருக்கலாம்தான். நேரில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன். இருபது வருடமாக அதுதானே நடக்கிறது.

இன்று பிப்ரவரி 24. 2022ல் இதே நாள், ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்த அன்று, சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டில், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். அங்கே பகல் மூன்று மணி. மெட்ரோ ஸ்டேஷனில் தரையில் உட்கார்ந்திருக்கிறோம், போனில் சார்ஜ் இல்லை என்றாள். கடல்காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். அப்போதுதான் சொன்னீர்கள்: "மேற்கோட திமிருக்கு இன்னிக்குத்தான் தம்பி மொத அடி." கையில் சுண்டல் பொட்டலம். உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"யாரு மாமா பக்கத்துல?" என்றாள்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

உங்களை யாரும் இல்லாமல் ஆக்கியதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நீ குண்டுக்குப் பயந்து ஒளிந்திருக்கிற நாளைக் கொண்டாடுகிற ஒரு நல்ல மனிதர் இங்கே இருக்கிறார் என்றா?

நல்ல மனிதர்தான். கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்த பையனுக்குக் காசு வாங்காமல் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். நவீன மேற்கை மறுத்து மரபைத் தூக்கிப்பிடித்த ரெனே கெனோனை நீங்கள் முதன்முதலில் படித்துக்காட்டிய இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வேதாந்தம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் வேலை பார்த்த நமக்கு, ஒரு பிரெஞ்சுக்காரரே 1927ல் நோய் தங்களிடம்தான் இருக்கிறது என்று எழுதிவைத்திருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலை இப்போதும் மறுக்கவில்லை. (வாசிப்பு வட்ட நண்பர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். நான் கட்சி மாறவில்லை. பிரதோஷத்துக்குப் பாடலீசுவரர் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.)

கெனோன் முஸ்லிமாகிக் கெய்ரோவில் தொழுதுகொண்டு அமைதியாக வாழ்ந்து 1951ல் இறந்துபோனார். அவரிடமிருந்து பாசிசத்தோடு உறவாடிய இத்தாலிய எழுத்தாளர் எவோலாவுக்கும், அங்கிருந்து டூகினுக்கும் நீங்கள் நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய். 2014ல் டூகின் உக்ரைன்காரர்களைக் கொல்லச் சொல்லிப் பேசியதைச் சேர்ந்தேதான் படித்தோம். சூட்டில் சொல்லியிருப்பார் என்றீர்கள். நானும் சரி என்றேன். ஒவ்வொரு நாகரிகத்துக்கும் அதனதன் உண்மை என்கிறவருக்கு, உக்ரைன் தனியாக இருப்பது மட்டும் ஏன் பொறுக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை. மேற்கை ஒழிக்கப் புறப்பட்டவர் தத்துவவாதி ஹைடெகரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவது ஏன், 1933ல் நாஜிக் கட்சியில் சேர்ந்த அந்த ஜெர்மானியர் எந்தக் கிழக்கு என்றும் கேட்கவில்லை. 2003ல் அமெரிக்கா இராக்குக்குள் நுழைந்தபோது நாம் இருவரும் கொதித்தோமே. அந்தக் கொதிப்பை எங்கே தொலைத்தீர்கள்?

மனித உரிமை வெள்ளைக்காரன் ஏமாற்று என்பீர்கள். எனக்கு வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் பூட்ஸ் ஞாபகம் வரும். 1873ல் அதைப் போட்டுக்கொண்டு வந்தார் என்று இதே புதுச்சேரி நீதிமன்றத்தில் அவரைத் தடுத்தார்கள். தடுத்தது வெள்ளைக்காரன். அவர் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்ததும் வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்துத்தான். 1881க்குப் பிறகு உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அவர் வழியில், சாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். உங்கள் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் பிரெஞ்சுப் பெயர் அப்படி வந்தது. அம்மாவுக்கு மாதாமாதம் வருகிற பென்ஷன்... வேண்டாம், அது வீட்டு விஷயம்.

நீங்கள் மரபு மரபு என்கிறீர்கள். மன்னன் கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் கரையேறிய ஊர்க்காரன் நான். தள்ளியவனுக்குக் கைதட்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். நோட்டுகளின் ஓரத்தில் பென்சிலில் நீங்கள் போட்ட திருத்தங்களை அழிக்கவில்லை. அவை எனக்கு வேண்டும், நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று மறுபடியும் கேட்டாள். சொல்லிவிட்டேன்.

"பிரெஞ்சு மாமாவா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.