நெல் ஆதார விதையில் நோய் எதிர்ப்பு மரபணுச் சோதனை கோரி மனு

அனுப்புநர்
நெல் விதை உற்பத்தி விவசாயிகள்

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
விதைச் சான்றளிப்புத் துறை

பொருள்: நோய் எதிர்ப்பு ரகங்களின் வல்லுநர் விதை, ஆதார விதை (சான்று விதைக்கு முந்தைய தலைமுறைகள்) நிலைகளில், எதிர்ப்பு மரபணு உள்ளதா என்று காட்டும் டி.என்.ஏ. குறிப்பான் சோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

விதை மூட்டையில் ‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த நோய்க்கு, எந்த மரபணுவால் என்ற விவரம் இல்லை. முளைப்புத் திறன், ஈரப்பதம், பிற ரகக் கலப்பு ஆகியவற்றைப் பார்த்துச் சான்று தருகிறீர்கள். எந்தக் குணத்துக்காக அந்த ரகத்தைத் தேடி வாங்குகிறோமோ, அதைப் பற்றிச் சான்று அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.

பாக்டீரியா இலைக்கருகலையே எடுத்துக்கொள்ளலாம். 2008இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற நெல் ரகத்தில் எக்ஸ்.ஏ.5, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.21 என மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் உள்ளன. ஒன்றை நோய்க்கிருமி முறியடித்தாலும் மற்றவை தாங்கும் என்பதற்காகவே மூன்று. ஒற்றை மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கோதுமை காட்டிவிட்டது. பல நாட்டு ரகங்கள் சார்ந்திருந்த எஸ்.ஆர்.31 மரபணுவை, 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யு.ஜி.99 என்னும் தண்டுத் துரு நோய்க்கிருமி வீழ்த்தியது.

கிருமிக் கரைசலில் நனைத்த கத்தரிக்கோலால் இலை நுனியை வெட்டி, இரண்டு வாரம் கழித்துக் கருகலின் நீளத்தை அளக்கும் வயல் சோதனை தேவையானதுதான். ஆனால் ஒரு மரபணு உள்ள செடியும் மூன்றும் உள்ள செடியும் அதில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தேறிவிடும். சிக்கல் இன்னும் ஆழமானது. எக்ஸ்.ஏ.5, எக்ஸ்.ஏ.13 இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். இரு பிரதிகளும் இருந்தால்தான் முழுப் பலன் தரும். பக்கத்து வயலின் மகரந்தம் கலந்து ஒரு பிரதி போனாலும் அந்தக் காப்பு குலைந்துவிடும். எக்ஸ்.ஏ.21 ஒரு பிரதி இருந்தாலே பலன் தரும் ஓங்கு மரபணு என்பதால் செடி மட்டும் நோயின்றிப் பச்சையாக நிற்கும். ஆய்வுக்கு வரும் அலுவலர் எவ்வளவு அனுபவசாலியானாலும் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நாற்றுப் பருவத்திலேயே சிறு இலைத்துண்டு ஒன்றைக் கொண்டு குறிப்பான் சோதனை இதைச் சொல்லிவிடும்.

இதை மரபணு மாற்றுப் பயிரோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. அந்த வாதத்தில் இந்தக் கோரிக்கை சிக்கக் கூடாது. சோதனை செடிக்குள் எதையும் புகுத்துவதில்லை, இருப்பதைப் படிக்கிறது. மேற்சொன்ன ரகமும் ஒட்டுச்சேர்க்கையில் உருவானதே.

எனவே, நோய் எதிர்ப்பு ரகம் என்று விற்கப்படும் ஒவ்வொன்றுக்கும் வல்லுநர் விதை, ஆதார விதை நிலைகளில் இச்சோதனையைக் கட்டாயமாக்கி, உறுதிசெய்யப்பட்ட மரபணுக்களின் பெயரைச் சான்று அட்டையில் அச்சிட ஆணையிடுமாறு வேண்டுகிறோம். சான்று விதை முழுவதையும் சோதிக்கக் கேட்கவில்லை. அதன் செலவு எங்கள் தலையில்தான் விழும். மடை சுத்தமாக இருந்தால் வாய்க்காலைத் தொட வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு மரபணுவைப் புதிய நோய்க்கிருமி வகை முறியடித்தது உறுதியானால், அடுத்த விதைப்புக்கு முன்பே அதை அறிவிக்கவும் வேண்டுகிறோம்.

சோதனைக்கான இலை மாதிரிகளை எங்கள் விதைப் பண்ணைகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள இசைகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெல் விதை உற்பத்தி விவசாயிகள்