விழுந்த மரம் அங்கேயே கிடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிச் சோலைகளில், அதாவது மலை மடிப்புகளில் இருக்கும் பசுமைமாறாக் காடுகளில், காற்றுக்குச் சாய்ந்த மரங்கள் யாருக்கும் உதவாமல் மக்கிப் போகின்றன, ஏலம் விட்டால் அரசுக்கு வருமானம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இருபது வருடத்துக்கு முன்பு அந்தக் கடிதத்தை நானே எழுதியிருப்பேன். மேட்டுப்பாளையத்தில் 38 வருடம் மர அறுவை மில் நடத்தியவன் நான். காளான் எனக்குப் பரம விரோதி.

லாரியில் இருந்து இறங்கும் கட்டையைக் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்போம். கணீர் என்றால் விலை, பொத்தென்றால் விறகு. ஈரம் நூற்றுக்கு 20-க்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சை அண்டாது. மழைக்காலத்தில் அது எங்கே நடக்கிறது? தார்ப்பாய் மூட ஒரு வாரம் தவறினால் பட்டைக்கு அடுத்த வெளிமரமான சப்பையில் விசிறி விசிறியாக வெளுத்த காளான் வந்து நிற்கும். நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்தை அவ்வளவு சீக்கிரம் தொடாது. அப்படிப்பட்ட கட்டையை அறுத்தால் சில சமயம் பலகையில் மையால் இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள் ஓடும். பாதி விலைக்குத் தள்ளிவிடுவேன். ஒரே கட்டைக்குள் இரண்டு காளான்கள் எதிரெதிரே வந்து, தன் இடத்தில் மற்றது நுழையாதபடி எழுப்பிக்கொள்ளும் வரப்புதான் அந்தக் கோடு என்பது தொழிலை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெளிநாட்டில் அந்தப் பலகைக்குத் தனி மவுசாம். போனது போகட்டும்.

இப்போது கோத்தகிரியில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், வனத்துறை அனுமதியோடு லாங்வுட் சோலைக்குள் போனேன். 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருகிற சோலை. 2024-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வழியில் ஒரு பெரிய மரம் குறுக்கே கிடந்தது. பழக்க தோஷம், கைத்தடியால் தட்டினேன். சத்தமே வரவில்லை, தடி நாலு விரல்கடை உள்ளே போய்விட்டது. கூட வந்த வனக் காவலர், "மேலே ஏறிடாதீங்க அண்ணா, உடைஞ்சிரும்" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் பழுப்பும் சாம்பலும் மாறி மாறி வளையம் போட்ட தட்டுக் காளான்கள், ஓடு வேய்ந்தது போல. கீழே ஈரமான இடத்தில் மனிதக் காது போலவே தொங்கும் ஒன்று, தொட்டால் ஜவ்வு. கட்டை ஒரு பக்கம் வெள்ளை நாராகப் பிரிந்தது, இன்னொரு பக்கம் காய்ந்த செங்கல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. இரண்டும் வேறு வேறு காளான்களின் வேலை. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். வெள்ளை நாராக்கும் காளான் அதையும் சேர்த்துக் கரைக்கும். செங்கல் போல ஆக்குவது அதை விட்டுவிட்டு மற்றதைத் தின்னும். லிக்னினை முழுதாக உடைக்கக் காளானை விட்டால் பெரும்பாலும் ஆளில்லை. ஒரு துண்டைப் பிழிந்தேன், தண்ணீர் சொட்டியது. அதன் முதுகிலேயே விரல் உயரத்துக்கு நாலைந்து நாற்றுகள் நின்றன. நான் 'வீண்' என்று கணக்கெழுதிய கட்டைகள் எத்தனை!

(மரத்தில் முளைக்கும் காளான் விஷமில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஆளைக் கொல்லும் காளான்களும் மரத்தில் முளைக்கின்றன.)

பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனர், தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் தருவதும் இப்படிப்பட்ட காளான்தானே என்று மடக்கினார். உண்மைதான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைக் கடலோரத் தோப்புகளைப் பிடித்ததால் வந்த பெயர் அது. நோயில் பட்டுப்போன தென்னையை வேரோடு தோண்டி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தோப்பில் வரிசையாக ஒரே மரம். சோலையில் பக்கத்தில் நிற்பது வேறு சாதி மரம், நோய் அவ்வளவு எளிதில் தாவாது.

இனி வியாபாரியாகவே பேசுகிறேன். சோலை மரம் கோணலும் முடிச்சுமாக இருக்கும். நேராகப் பத்தடிப் பலகை தேறாது. அதை வெளியே இழுக்கப் பாதை வெட்டி, நாற்றுகளை நசுக்கி, லாரிக்கும் கூலிக்கும் கொடுத்தது போக ஏலத்தில் என்ன மிஞ்சும்? நான் அந்த ஏலத்தில் விலை கேட்க மாட்டேன்.

தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்டுப்போன, காற்றில் விழுந்த மரங்களை அகற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 14.2.2000 அன்றே தடை போட்டது. கூடலூர்க் காடுகளுக்காகக் கோதவர்மன் என்பவர் தொடுத்த வழக்கில்தான் அந்த உத்தரவு. லாங்வுட் போன்றவை காப்புக்காடுகள், சரணாலயம் ஆகாது. அந்தத் தடையைச் சோலைகளுக்கும் பொருத்த வேண்டும் என்பது என் கோரிக்கை.

சாலையில் விழும் மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. வெட்டிய துண்டுகளை லாரியில் ஏற்றாமல் அந்தச் சோலைக்குள்ளேயே உருட்டிவிடச் சொல்லுங்கள். நாலு ஆள் போதும். கடப்பாரை என்னிடம் இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய மர அறுவை மில்காரன்,
கோத்தகிரி.