ரயில் மாறிப்போன ஆறு பேர் சார்பாகவும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள வெக்ஷோ நண்பர்களுக்கு,

எரிபொருள், ஏரி, கழிவு என்று தெற்கு ஸ்வீடனில் உங்கள் நகரம் செய்திருப்பதைப் பார்க்க நவம்பரில் வந்துபோன எங்கள் குழு, ஊர் வந்து சேர்ந்த மறுநாளே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஆளுக்கு ஒரு பத்தி எழுதித் தருவதாகச் சொன்ன 14 பேரில் 4 பேர்தான் தந்தார்கள். மூன்று வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சேர்த்து நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். தனிக் கடிதமாக அனுப்பாமல் பொதுவில் எழுதக் காரணம், நீங்கள் எங்களுக்காகச் செய்தது இன்னும் நாலு பேருக்குத் தெரியட்டும் என்பதுதான்.

முதலில் மன்னிப்பு, அப்புறம் நன்றி. கோபன்ஹேகனிலிருந்து வரும் ரயில் ஹெஸ்லஹோல்ம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும், எந்தப் பெட்டியில் ஏறுகிறீர்கள் என்று பார்த்து ஏறுங்கள் என்று எங்கள் வழிகாட்டி அம்மையார் மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். அதை எங்களில் யாரும் சரியாகப் படிக்கவில்லை. ஜன்னலோர இருக்கை தேடிப் போன ஆறு பேர் மற்ற பாதியோடு கிறிஸ்டியான்ஸ்டாட் போய் இறங்கினார்கள். அவர்கள் திரும்பி வந்து சேரும்வரை அந்த அம்மையார் நடைமேடையை விட்டு நகரவே இல்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவர் அதைவிட உருப்படியான காரியம் செய்தார். மீதி எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வெக்ஷோ நிலையக் கட்டடத்தையே பாடமாக நடத்திவிட்டார்.

2021-ல் திறந்த கட்டடம் அது. ரயில் நிலையமும் நகராட்சி அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தாங்கி நிற்கும் சட்டகம் மரம். ஒரு தூணில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளியே நவம்பர் குளிர், தூண் சில்லென்று இல்லை. 'வெக்ஷோ' என்று சொல்லக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். சாலை, ஏரி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயராம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் நடந்துபோன வழி. கடைசியாக வந்த ஆறு பேரும் அதை இன்னும் 'வாக்ஸ்ஜோ' என்றுதான் சொல்கிறார்கள்.

நகரத்துக்கு மின்சாரமும் வெப்பமும் தரும் சான்ட்விக் ஆலையைச் சுற்றிக் காட்டிய பொறியாளருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் கேட்ட கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு வாய்களிலிருந்து. அலுக்காமல் பதில் சொன்னார். மரம் வெட்டியபின் காட்டில் கிடக்கும் கிளை, நுனி, பிறகு மர ஆலைகளின் பட்டை, தூள் எல்லாம் அங்கே எரிபொருள். மலைபோல் குவித்த மரச்சில்லிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கையை உள்ளே விட்டுப் பாருங்கள் என்றார். வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர், குவியலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் வெதுவெதுப்பு. நுண்ணுயிர்கள் மரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம், ரொம்ப நாள் விட்டுவைத்தால் தானே தீப்பிடிக்கும் என்றார். அந்த ஈரமான, லேசாகப் புளித்த வாசனை என் சட்டையில் இரண்டு நாள் இருந்தது.

அந்தச் சில்லு எரிந்து மின்சாரமும் தருகிறது, நகரத்துக்கு வெந்நீரும் தருகிறது. வெந்நீர் தெருவுக்கு அடியில் குழாய்களில் ஓடி வீடு வீடாகப் போய், சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிப்போய் ஆலைக்கே திரும்புகிறது. ஆலைத் தண்ணீரும் வீட்டுத் தண்ணீரும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறுகிறது. ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் அந்தக் கருவியைக் காட்டினார்கள். ஒரு கட்டடம் முழுவதையும் சூடாக்கும் பெட்டி குளிர்சாதனப் பெட்டி அளவுகூட இல்லை. சாம்பலைக் காட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள் என்பதைக் கேட்டதும் எங்கள் குழுவில் விவசாயப் பின்னணி உள்ளவர்கள் தலையாட்டினார்கள், அவர்களுக்கு அது புது விஷயமே இல்லை.

எனக்குப் பிடித்தது அவருடைய ஒளிவுமறைவில்லாத பேச்சு. 1980-லேயே எண்ணெயை விட்டு மரக்கழிவுக்கு மாறத் தொடங்கியதற்குக் காரணம் பூமியைக் காப்பாற்றும் ஆசையா என்று ஒருவர் கேட்டார். "இல்லை, எண்ணெய் விலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எழுபதுகளில் விலை எகிறியது, சுற்றிலும் காடு இருந்தது, அவ்வளவுதான். புதைபடிவ எரிபொருளே வேண்டாம் என்று நகர மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது 1996-ல். அதற்குள் கொதிகலன் பதினாறு வருட அனுபவசாலி. நாடு முழுக்க 1991-லேயே எண்ணெய், நிலக்கரி போன்றவற்றின் மேல் கார்பன் வரி வந்துவிட்டதால் கணக்கும் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

காடு என்றதும் 2005 ஜனவரியில் அடித்த குட்ரூன் புயலைப் பற்றிச் சொன்னார். தெற்கு ஸ்வீடனில் ஒரே இரவில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எங்களைப் பார்க்காமல் சில்லுக் குவியலைப் பார்த்துப் பேசினார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ட்ரும்மன் ஏரிக் கரையில் எங்களோடு நடந்த நீரியல் ஆசிரியருக்குத் தனியாக ஒரு கும்பிடு. எங்களில் பாதிப் பேர் தண்ணீரோடு வேலை செய்பவர்கள், ஏரி என்றாலே உரிமையோடு பேச ஆரம்பித்துவிடுவோம். அவர் எங்களைப் பேசவிட்டுவிட்டு, பிறகு நிதானமாக ஆரம்பித்தார். நகரத்துச் சாக்கடையும் ஆளிநார் ஆலைக் கழிவும் பல காலம் இந்த ஏரியில்தான் விழுந்தன. 1950-களின் கடைசியில் அதை நிறுத்தினார்கள். ஏரி தேறவில்லை. கோடையில் பாசி, குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் மூச்சு முட்டி மீன்கள் சாவு. வருகிற கழிவு நின்றாலும், அடியில் படிந்த கரிய வண்டல், பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டுக்கொண்டே இருந்தது.

லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் பியோர்க் தலைமையில் 1970-ல் அரை மீட்டர், 1971-ல் இன்னொரு அரை மீட்டர் என்று அந்த வண்டலை உறிஞ்சி எடுத்தார்கள். நமக்குத் தெரிந்த தூர்வாரல்தான், ஆனால் எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்தில் குளங்கள் வெட்டிச் சேற்றை அங்கே இறக்கினார்கள். அதிலிருந்து வடிந்த நீர் ஏரிக்குத் திரும்பும் முன் அலுமினியம் சல்பேட் கலந்து பாஸ்பரஸைக் கீழே படியவைத்தார்கள். நம் படிகாரத்துக்கு நெருங்கிய உறவு அது. காய்ந்த வண்டல் பூங்காக்களுக்கும் புல்தரைகளுக்கும் மண்ணாகப் போனது. அதோடு விடவில்லை, சில வருடங்கள் கழித்து வலைபோட்டு ஒருவகை மீன்களைக் குறைத்தார்கள். பாசியைத் தின்னும் நுண்ணிய உயிர்களை அந்த மீன்கள் தின்றுவிடுவதால்தான்.

"கழிவை நிறுத்தியபிறகு எத்தனை வருடம் காத்திருந்தீர்கள்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "பத்து வருடத்துக்கு மேல் வெறுமனே நம்பிக்கொண்டிருந்தோம்" என்றார் ஆசிரியர். கரைக்கு வரும் மழைநீர் வடிகாலைக் காட்டி, இது இன்னும் தலைவலிதான் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்குள் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அக்கரையில் லிம்னொலோகன் குடியிருப்பில் விளக்குகள் தெரிந்தன. எட்டு மாடி, கீழ்த்தளம் கான்கிரீட், மேலே ஏழும் மரம். இரண்டு மாடிக்கு மேல் மரத்தில் கட்டக்கூடாது என்ற பழைய தடை 1994-ல்தான் நீங்கியது என்று போகிறபோக்கில் சொன்னார்.

தன் சமையலறையைத் திறந்துவிட்ட வீட்டுக்கார அம்மாவுக்கு நன்றி. 14 பேர் காலணியைக் கழற்றிவிட்டு அந்தச் சின்ன அறையில் நின்ற காட்சியை அவர் மறக்க மாட்டார். கழுவுதொட்டிக்குக் கீழே, காற்றோட்டமான ஒரு தாங்கியில் பழுப்புக் காகிதப் பை. உணவுக் கழிவு மட்டும் அதில். முழுக்க நிரப்பக்கூடாது, வாயை மடிக்க இடம் வேண்டும். எங்களுக்குக் கொடுத்த வாழைப்பழத் தோலை வாங்கியவர், பையில் போடும் முன் அதிலிருந்த சின்ன ஸ்டிக்கரை நகத்தால் உரித்து வேறு டப்பாவில் போட்டார். பேசிக்கொண்டே செய்தார், தான் செய்வது அவருக்கே தெரிந்திருக்காது. அந்தக் கழிவு சாண எரிவாயு மாதிரியான உயிரி எரிவாயுவாக மாறி நகரப் பேருந்துகளை ஓட்டுகிறது என்பதைவிட, எங்களுக்குள் அதிகம் பேசப்பட்டது அந்த ஸ்டிக்கர்தான்.

நகராட்சி அலுவலகத்தில் எங்களோடு கடைசி நாள் உட்கார்ந்த அலுவலர்களுக்கும் சொல்ல வேண்டும். சிறிய நகரங்களின் சுற்றுச்சூழல் பணிக்குத் தரும் ஐரோப்பியப் பசுமை இலை விருதை 2018-க்கு பெல்ஜியத்தின் லூவன் நகரத்தோடு பகிர்ந்துகொண்ட ஊர். அந்த விருதைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார்கள். 2010-க்குள் தலைக்கு வெளியேறும் கரியமில வாயுவைப் பாதியாக்குவோம் என்று வைத்த இலக்கு தவறிப்போனதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். வீட்டைச் சூடாக்குவதில் எண்ணெயைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள், கார்கள்தான் அடங்கவில்லை. சைக்கிள் பாதை போட்டாயிற்று, பேருந்து விட்டாயிற்று, ஆனாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர் காரில்தான் வருகிறார். 2030-க்கு வைத்திருக்கும் அடுத்த இலக்கைச் சொல்லும்போது அந்தக் குரலில் பெருமை இருந்ததா, கவலை இருந்ததா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம். இதற்கு முன்பும் இப்படிப்பட்ட பயணங்கள் போயிருக்கிறேன். தோற்ற கணக்கை மேஜைமேல் வைத்து, 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று விருந்தாளிகளைக் கேட்டதை இங்கேதான் பார்த்தேன். எங்களிடம் பதில் இருக்கவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்காகவே இன்னொரு முறை வரலாம்.

மொழிபெயர்த்த லின்னேயஸ் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் இருவருக்கும் நன்றி. 'வண்டல்', 'சேறு', 'கசடு' மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கரையோரத்தில் சண்டை போட்டது நீங்கள் செய்த பெரிய உதவி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ணிய பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி. ரயில் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, வழிகாட்டி அம்மையாருக்கு. ஏரிக்கரையில் என் கை நடுங்குவதைப் பார்த்து நீங்கள் கழற்றிக் கொடுத்த சாம்பல் நிறக் கையுறைகளில் ஒன்று என் பெட்டியில் கிடைத்தது, அஞ்சலில் அனுப்பிவிட்டேன். இன்னொன்று அந்த ஆறு பேரில் ஒருவரிடம் இருப்பதாகத் தகவல். தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நவம்பர் விருந்தாளிகள் 14 பேர்